பெரட்டில் உன் குரல்

இன்று காலை இட்லிக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை ஒரு பக்கமாகச் சாய்த்ததும் சரசரவென்று உன் மழை பெய்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இந்த வயதில் அம்மா எதற்கும் சிரிக்கலாம் என்று விட்டிருப்பான்.

உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி வைத்திருந்தேன். அதை நினைவுபடுத்தத்தான் மழை வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஈப்போவில் ஒரே பள்ளியில் நீ கணிதம், நான் தமிழ். ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். "பிள்ளையள் எல்லாம் போனில ஆரையோ சுடுகினம். நான் ஒரு தோட்டம் செய்யப் போறன்" என்றாய். நான் கத்திரிக்காய்த் தோட்டம் என்று நினைத்து, என் வீட்டுக் கொல்லையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தந்தேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நீ செய்ய நினைத்தது ரப்பர் தோட்டம். அதுவும் கைப்பேசியில் விளையாடும் தோட்டம். உன் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அலுவலகத்தில் உட்கார்ந்து யார் வேலைக்கு வந்தார் என்று எழுதியவர். என் தாத்தா சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "நல்ல வேளை, வேற வேற தோட்டம். இல்லாட்டி உன் தாத்தா எங்க தாத்தாவுக்கு ஆப்சென் போட்டிருப்பாரு லா" என்று நான் சீண்டினேன். "ஓம், உம்மட தாத்தா பிந்தித்தான் வந்திருப்பார். பேத்தியைப் பார்க்கவே விளங்குது" என்றாய்.

விளையாட்டு மிக எளிது. இருட்டோடு எழ வேண்டும். பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில், போய் நிற்க வேண்டும். பெயர் வந்தால் திரையைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். பிறகு மரம் மரமாகப் பட்டையை வெட்டி, பால் வடிய மங்கு வைத்து, மழை வருவதற்குள் பாலைச் சேர்க்க வேண்டும். மழை முந்திக்கொண்டால் அன்றைய பால் போச்சு. சுடுவது கிடையாது, விளம்பரம் கிடையாது. எல்லாருக்கும் இலவசம் என்று கைப்பேசிக்குள் இருக்கும் செயலிக் கடையில் ஏற்றினாய்.

விடியற்காலைச் சத்தம் அசலாக இருக்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை நாம் இருவரும் என் பழைய தோட்டத்துக்கே போனோம். இப்போது அங்கே எண்ணெய்ப் பனைதான். ஆனாலும் பறவைகளும் கோயிலும் அப்படியே இருந்தன. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பதிவு செய்தோம். வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டோம். குயில், தவளை, தூரத்து மோட்டார்சைக்கிள். இருவருக்கும் பரம திருப்தி.

சில மாதங்களில் விளையாட்டு கடையிலிருந்து மறைந்துவிட்டது. பிறர் பாட்டை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக மின்னஞ்சல். எந்தப் பாட்டு என்று நாம் திகைத்துப்போனோம். "வடிவாக் கேளும்" என்று ஒலியைக் கூட்டி வைத்தாய். அப்போதுதான் கேட்டது: குயிலுக்குப் பின்னால் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் ஒரு சினிமா பக்திப் பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. இரண்டு பேர் காதிலும் அது ஏறவே இல்லை. பிறந்ததிலிருந்து நமக்கு விடியல் என்றால் அந்தப் பாட்டும் சேர்ந்ததுதானே. காற்றின் சத்தத்தை யார் தனியாகக் கவனிக்கிறார்கள்? கடையின் இயந்திரம் சுங்கை சிப்புட்டில் வளரவில்லை. அதற்குக் கேட்டுவிட்டது.

எனக்குக் கோபம். நீ பாடம் நடத்துவதுபோல் சொன்னாய்: பள்ளி நாடகத்துக்குப் பக்கத்து வீட்டுச் சேலையைக் கேட்காமல் கட்டி மேடையேறினால், சேலைக்காரி வந்து கேட்கத்தானே செய்வாள்? பெரிய நிறுவனமாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு வாங்க ஆள் வைத்திருக்கும். கடை விளையாட்டை எடுத்துவிட்டாலும் பேசித் திரும்ப வைத்துக்கொள்ளும். வீட்டில் உட்கார்ந்து ஒருவர் இருவர் செய்யும் விளையாட்டுக்கு அந்தத் துணை இல்லை; சேலை ஒன்றுக்காக நாடகமே நின்றுபோகும்.

அழுவாய் என்று பார்த்தேன். நீ அடுப்படிக்குப் போய் சுளகை எடுத்தாய். உன் வீட்டில் முறத்துக்கு அதுதான் பெயர். உளுந்தைக் கொட்டிச் சாய்த்தாய், மழை வந்தது. சிரட்டையில் தண்ணீர் சொட்டவிட்டாய், பால் விழுந்தது. குயிலாக நான் கூவினேன். கோழிபோல் இருக்கிறது என்று நான்கு முறை கூவ வைத்தாய். பெரட்டில் பெயர் கூப்பிடும் குரலை மட்டும் யாருக்கும் விட்டுத்தரவில்லை. என் தோட்டத்துப் பெண்களின் பெயர்களை நான் சொல்லச் சொல்ல, நீ நெஞ்சை நிமிர்த்தி இழுத்துக் கூப்பிட்டாய். அஞ்சலை, என் அம்மா. மூக்காயி. பாப்பாத்தி. ராமாயி. நான் ஆர்வத்தில் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். நீ பதிவை நிறுத்திவிட்டாய். "பதில் நாங்கள் சொல்லக்கூடாது. இடம் விடும். விளையாடுறவை சொல்லட்டும்."

அப்படி இடம் விட்டு ஏற்றிய விளையாட்டு திரும்பக் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நீ கண்ணை மூடிவிட்டாய்.

உன் விளையாட்டு இரண்டாவது முறை மறைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களின் கைப்பேசியில் அது இருந்துகொண்டுதான் இருக்கும். என்னுடையதிலும் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாளாவது பெரட்டில் போய் நிற்பேன். உன் குரலில் என் அம்மாவின் பெயரைக் கேட்டுவிட்டு வருவேன். பிறகு அந்தக் கைப்பேசியின் முதுகு பூரிபோல உப்பத் தொடங்கியது.

கைப்பேசி விற்கும் கடைப்பெண் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றித் தந்தாள். "ஆண்டி, இந்த கேம் மட்டும் வரலே. ஸ்டோர்ல இல்ல லா" என்றாள். பழையதிலேயே வைத்துக்கொள்கிறேனே என்றேன். இந்த மாடலுக்கு பேட்டரி வருவதில்லை, இனி சார்ஜ் போட்டால் வெடித்துவிடும் என்று அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தாள். உன் குரல் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை என்று நினைத்தேன்.

பினாங்கில் இருக்கும் உன் மகளை அழைத்தேன். அவள் தேடிப் பார்த்துக் காரணம் சொன்னாள். புதிய கைப்பேசிகளுக்கு ஏற்றபடி விளையாட்டைத் திருத்தி அனுப்பச் சொல்லிக் கடை உனக்கு எழுதியிருக்கிறது. நீ யாரென்று அடையாளம் காட்டச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறது. கடைசியாக ஒரு எச்சரிக்கை விட்டு, எடுத்துவிட்டிருக்கிறது. தோட்டத்திலும் அதே வழக்கம்தான்: பெரட்டில் சில நாள் தொடர்ந்து குரல் கொடுக்காதவரின் பெயரைக் கங்காணி அடித்துவிடுவார். அவருக்கு நம்மேல் பகை ஒன்றும் இல்லை. சின்ன விளையாட்டுகளில் பாதி இப்படித்தான் போகும் என்றாள். செய்தவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், வேறு வேலை கிடைத்திருக்கும், உடம்பு முடியாமல் இருக்கும். கடை கூப்பிடும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

உன் கணினியில் எல்லாம் பத்திரமாக இருந்தது. அவள் புதிய முறைக்கு மாற்றியபோது முதலில் ரப்பர் மரங்கள் அத்தனையும் தரையில் படுத்துக் கிடந்தனவாம். ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். தன் பெயரில் ஏற்றப் போனபோது இன்னொரு விதி குறுக்கே வந்தது. புதிதாக வருகிறவர் முதலில் ஒரு கூட்டம் ஆட்களிடம் கொடுத்து, இரண்டு வாரம் அவர்கள் கைப்பேசியிலேயே வைத்திருக்கச் செய்ய வேண்டும். "அன்ரி, இடையில ஆக்கள் அழிச்சால் திரும்ப முதலில இருந்து. அவ்வளவு ஆக்களுக்கு எங்க போறது?" என்றாள்.

"ஆளா? ஒரு தோட்டமே இருக்கு லா" என்றேன்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் பாகான் செராயிலும் கிள்ளானிலும் எங்கெங்கோ சிதறியிருந்தாலும், கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வந்துவிடுவார்கள். உன் மகளும் நானும் பந்தலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். லாரி ஓட்டும் முனுசாமி அண்ணே நான் இன்சூரன்ஸ் விற்கிறேன் என்று நினைத்துத் தூரமாகவே சுற்றினார். சாப்பாட்டு வரிசையில் மடக்கிப் பிடித்து அவருக்கும் ஏற்றிவிட்டோம்.

பிறகு பந்தல் முழுக்க உன் குரல். ஒவ்வொரு கைப்பேசியிலும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு பெயர். அஞ்சலை, ராமாயி, மறுபடி அஞ்சலை. "மூக்காயீ" என்று நீ இழுத்தபோது, பார்வதி அக்கா எச்சில் கையோடு எழுந்து நின்று "இருக்கேன்" என்றார். உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் "எங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு பந்தலில் யாரும் திரையைத் தொட்டுப் பதில் சொல்லவில்லை, வாயால்தான் சொன்னார்கள். பெயர் வராதவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

"கூப்புடுறது யாரு டீச்சர்? நம்ப கங்காணி வீட்டுப் பொண்ணா?" என்று முனுசாமி அண்ணே கேட்டார்.

"கிராணி பேத்தி" என்றேன்.

"அதான் அதிகாரம் தூள் பறக்குது" என்றார். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு வாரத்தில் ஒருவர்கூட அழிக்கவில்லை. பேரன் தெரியாமல் அழித்துவிடுவான் என்று பார்வதி அக்கா கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாராம். விளையாட்டு கடைக்கு வந்துவிட்டது. உனக்கு வைத்திருந்த சேதி இதுதான். கடை எழுதும் மடல்கள் இப்போது உன் மகளுக்கும் எனக்கும் சேர்ந்தே வருகின்றன. இருவரில் ஒருவராவது பதில் போட்டுவிடுவோம்.

விளையாடுகிறவர்களின் புகார்கள் என் பொறுப்பு. அதிலும் முனுசாமி அண்ணே தினமும் எழுதுகிறார். நேற்று, பால் சேர்ப்பதற்குள் மழை வந்துவிடுகிறது, மழையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார். யோசிக்காமல் உன் பேச்சிலேயே தட்டிவிட்டேன்: "மழையைக் குறைக்கேலாது. நீர் விடிய முன்னம் வெள்ளென எழும்பும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து வந்தது: "டீச்சர், போன் யாருகிட்ட இருக்கு?"

நான்தாண்ணே என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஓம், ஓம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.