அம்மா கடையின் பங்குகள்

ஜூன் 3, செவ்வாய்

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள்.

இன்றும் அப்பா பங்கு வாங்கச் சொன்னார், நான் அழுத்தினேன். போனில் எல்லாம் ஆங்கிலம், அவருக்கு ஓடாது. "நீயே பாத்து அழுத்திடு பாப்பா." அம்மா வேலை செய்யும் கடையின் பங்குதான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி, ஊர் ஊராகக் கிளை. "உங்கம்மா நிக்கிற கடை. அது எங்க ஓடிடப் போகுது?"

போட்ட பணம், என் காலேஜுக்காக அம்மா சேர்த்த டெபாசிட். இரண்டு பேரில் யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம். அப்பா போட்டார். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால்?

ஜூன் 11, புதன்

சாப்பிடும்போது அப்பா ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்: "இன்னிக்குக் கூட்டமா?"

"ஏசி ஓடுதே, வராம இருப்பாங்களா? ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ள விட்டு, 'ஜில்லுன்னு இருக்கும்மா'ன்னு மூடிட்டுப் போறாங்க." வட்டி ஏறியதால் மாதத் தவணையும் ஏறிவிட்டதாம். "ஒருத்தர் பழைய மெஷினை ரிப்பேர் பண்ண எவ்வளவு ஆகும்னு எங்கிட்டயே கேக்குறாரு. விக்கிறவகிட்ட."

அம்மா சிரித்தாள். அப்பா தண்ணீர் குடித்தார்.

ஜூன் 12, வியாழன்

விலை இறங்கிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். "வித்துடலாம்பா. அம்மா சொன்னதக் கேட்டீங்கல்ல?"

"அது ஒரு கடை. கம்பெனிக்கு நூத்தம்பது கடை இருக்கு. இறங்கும்போது வாங்குறவன்தான் பொழைப்பான்."

இது அவர் பேச்சு இல்லை. அவர் ஓட்டும் ஆபீஸ் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களின் பேச்சு. அவர்களுக்கு நஷ்டம் வந்தால் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். நமக்கு?

மிச்சத்தையும் போடச் சொன்னார். போட்டேன். ஏன் போட்டேன்? பள்ளியில் மட்டும் வாய் கிழியப் பேசுகிறேன். வீட்டில் அந்த வாய் எங்கே போகிறது?

ஜூலை 2, புதன்

போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பாகம் போய்விட்டது.

பொருளாதார மிஸ் கரும்பலகையில் அம்புக்குறி போட்டார். மக்கள் செலவு குறையும், அதனால் விற்பனை, அதனால் லாபம், அதனால் பங்கு விலை. எல்லா அம்பும் கீழ்நோக்கி. "மறுபடி எப்ப மிஸ் ஏறும்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, வீட்டுல யாராவது போட்டிருக்காங்களா?"

வகுப்பே சிரித்தது. "இல்ல மிஸ்."

ராத்திரி அம்மா வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த டெபாசிட் இருக்கிற தைரியத்துலதான்டி நாள் பூரா நிக்கிறேன்." நான் துண்டு எடுக்கப் போவதுபோல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

விலை ஏறிவிட்டது. பயந்துபோய் ஒரு வாரமாகப் பார்க்கவே இல்லை. அதற்குள் போனதெல்லாம் வந்து, அதற்கு மேலேயும்.

எப்படி? நேற்று முழுக்க அம்மா விற்றது ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி.

அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். "நான் சொன்னேன்ல, சொன்னேன்ல." போனில் விலைக்குக் கீழே ஒரு செய்தி இருந்தது. படித்துச் சொன்னேன். நஷ்டத்தில் ஓடும் முப்பத்தெட்டுக் கிளைகளை மூடுகிறார்கள். செலவு மிச்சமாகும், அதனால் ஏறுகிறது. மிஸ் போட்ட அம்புக்குறிகளில் இது இல்லவே இல்லை.

மூடும் கிளைகளின் பட்டியலும் இருந்தது.

"அம்மா கடையும் இருக்குப்பா."

"எந்தத் தெருன்னு பாரு. வேற கிளையா இருக்கும்."

"அதே தெருதான்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "வித்துடு," என்றார். அழுத்தினேன்.

"அம்மாகிட்ட?"

"கடையிலயே சொல்வாங்க."

கோழை. அவரைச் சொல்லி என்ன, நானும்தான்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மா பாடிக்கொண்டே கடைச் சட்டையைத் தேய்த்தாள். காலரை இரண்டு முறை தேய்த்தாள்.

ஜூலை 18, வெள்ளி

கடை சாத்தும் நேரத்தில் மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாராம். அம்மா அழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள். "டெபாசிட் இருக்கு. இவ படிப்புக்குப் பயமில்ல." ரசீதை எடுத்தாள். அப்பா நேற்றுத்தான் பணத்தைத் திரும்பப் போட்டிருந்தார்.

"என்ன இது, புதுத் தேதி?"

அப்பா சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை.

"நான்தான்மா அழுத்தினேன்," என்றேன். வாங்கியது, இறங்கியது, ஏறியது, ஏன் ஏறியது - எல்லாம் கொட்டிவிட்டேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு கூட வந்துச்சு?"

சொன்னேன். அவள் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறாள்.

"என்னோட நாலு மாசச் சம்பளம்," என்றாள். ரசீதை மடித்து உள்ளே வைத்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மா இன்று மூன்று கடைகளில் வேலை கேட்டாள். மூன்றிலும் ஒரே பதில், வியாபாரம் இல்லை. அப்பா இப்போதெல்லாம் பின் சீட்டுப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

அந்தப் பங்கு இன்னும் ஏறியிருக்கிறது. யாரும் பார்க்கச் சொல்லவில்லை. நானேதான் பார்த்தேன்.