அக்காவின் மேல்வரிசைப் பல்

அக்கா,

கடைவாய்ப் பல் வலி தாங்காமல் இன்று நம் பல் டாக்டரிடம் போனேன். கதவைத் திறந்ததும் அதே கிராம்பு எண்ணெய் வாடை. நீங்களும் நானும் ஒட்டி உட்கார்ந்த பெஞ்சில் இன்று நான் மட்டும்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் நம் இட்லிக் கடை. பௌர்ணமியன்று நீங்கள் கூப்பிடும் குரலுக்கே கூட்டம் நிற்கும். அப்படிக் கூப்பிட்டபோதுதான் மேல் பல் செட் கழன்று மேசைமேல் விழுந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு நீங்கள் அடுப்பை விட்டு முன்னால் வரவேயில்லை. பல்லில்லாத வாயை உங்கள் வீட்டுக்காரரான மாமாகூடப் பார்த்ததில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

நான்தான் உங்களை டாக்டரிடம் இழுத்துப் போனேன். "மேல் தாடையில எலும்பு கம்மிதாம்மா. ஆனா நாலு இடத்துல திருகு வைக்கலாம். எலும்பு அதைப் பிடிச்சுக்க ஆறு மாசம் ஆகும். அப்புறம் செட்டை அதுமேல மாட்டிட்டா ஆடாது. ராத்திரி மட்டும் கழட்டி வெச்சுக்கலாம்" என்றார்.

"கத்திப் பேசலாங்களா?" நீங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

திருகு வைத்த பிறகு, தையல் ஆறும்வரை செட் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே நடமாடினீர்கள். எல்லாரும் வெளியே போன பிறகு, எனக்கும் முதுகு காட்டிக் கஞ்சி குடித்தீர்கள். பார்க்கவே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

புது செட் மாட்டியபின் வந்த பௌர்ணமிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கடை முன்னால் போய் நின்றீர்கள். "வாங்கண்ணா, வாங்கக்கா! சூடா இருக்கு, சாப்ட்டுட்டு சுத்துங்க!" சட்டினிக் கரண்டியோடு நான் அழுதுவிட்டேன்.

மறு வருஷமே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோயிற்று.

குளிப்பாட்டும்போது, "பல் செட்டைக் கழட்டிடும்மா" என்றார் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர். எனக்குக் கை வரவில்லை. வாசலுக்குப் போய் மாமாவிடம் கேட்டேன்.

"வேணாம்மா, இருக்கட்டும். ராத்திரி அவ அதைக் கழட்டறப்பல்லாம் நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பேன். நான் பாத்துடுவேனோன்னு பயப்படுவா. இப்ப ஊரே பாக்கணுமா?"

அப்படியே அனுப்பிவைத்தோம். நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும் அக்கா. உங்களுக்காகவே அத்தனை வருஷமும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். உங்களிடம் சொல்ல முடியாமல் என்னிடம் தங்கிவிட்ட சேதி அது.