ஐந்து எழுத்து, க்யூ இருக்க வேண்டும்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கப்பலின் இயந்திர அறைச் சூட்டில் உங்கள் கையில் வந்த கொப்புளம் ஆறிவிட்டதா? குளியலறைக் குழாயை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். வீட்டுக்காரர் வருகிறேன் வருகிறேன் என்று வாய் வலிக்கச் சொன்னாரே தவிர, எட்டிப் பார்க்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தாலே நம் சிட்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். நீங்களும் என்னிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சாம்பியனைக் கூப்பிடு" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதனால் இதை உங்கள் கம்பெனி ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்த்துவிடுவார்களாம். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பெல்லிங் போட்டிக்கென்று அவளிடம் என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? "அஞ்சு எழுத்து. க்யூவும் கேயும் இருக்கணும். அர்த்தத்தோட சொல்லு" என்றீர்கள். குவேக், நடுக்கம் என்றாள். குவிக், வேகம். குவாக், போலி வைத்தியன். "இன்னொண்ணு இருக்கு, யோசி" என்று நீங்கள் சிரிக்கும்போதே லைன் போய்விட்டது. நீங்கள் அத்தோடு மறந்திருப்பீர்கள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டை அவளிடமே கொண்டுபோனேன். வாயைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது என்று சொன்னாள். மறுநாள் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். தினமும் எத்தனையோ பேர் படித்துவிட்டுப் போகிற வரி அது. இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். "இதுல வார்த்தையே வரலம்மா. எப்படி மாத்திப் போட்டாலும் வரல." வார்த்தை வேண்டாம், எழுத்தை மட்டும் சொன்னால் போதும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவளால் முடியவில்லை. பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கண்ணைச் சோதிக்க மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தை நான்தான் அவள் முகத்திலிருந்து கழற்றினேன். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. இடது கண்ணில் இமைமுடியே இல்லை. தானாகக் கொட்டியது என்றாள். வீட்டுக்கு வந்து தலையணையைத் தூக்கினேன், அடியில் முடி முடியாகக் கிடந்தது. தப்பாகச் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒன்று பிடுங்கியிருக்கிறாள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற எனக்கே இது தெரியாமல் போயிற்று.

மாடி வீட்டு அக்காவின் தங்கைக்கு உடம்பு சரியில்லை. அக்கா நம் சமையலறையில் உட்கார்ந்து, கேன்சராம் என்று சொல்லி அழுதாள். சிட்டு மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ஆறு எழுத்து ஆன்ட்டி. முதல் எழுத்தை மட்டும் மாத்தினா டான்சர்" என்றாள். குரலில் துளி வருத்தம் இல்லை. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நம் பிள்ளையா இது? தெருநாய்க்குக் காலில் அடிபட்டாலும் சோறு இறங்காதே இவளுக்கு!

அவளுக்கு ஸ்பெல்லிங் சொல்லித்தருகிற வாத்தியாரிடம் கேட்டுவிடலாம் என்று போனேன். எப்போதும் அவளை வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன். அன்றுதான் அவளோடு உள்ளே போனேன். முன்னறை முழுக்கக் கோப்பைகள். எல்லாவற்றிலும் அவர் மகளின் பெயர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்படி ஒரு வெறி இருந்தாதாங்க இறுதிச் சுற்றுல நிக்க முடியும். என் பொண்ணும் இப்படித்தான் இருந்தா." பொண்ணு இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். காதில் விழாதவர் மாதிரி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனபோது பின்னறைக் கதவு கொஞ்சம் திறந்தது. கல்யாண வயதில் ஒரு பெண், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள்; அதற்கு வெளியே ஒரு முடிகூடத் தெரியவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தமே வரவில்லை.

அந்த அம்மா டம்ளரைக் கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரத்திலிருந்து உங்க பிள்ளையை அனுப்பாதீங்க" என்றார். அவ்வளவுதான். மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கேயே சிட்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் போட்டியிலிருந்து அவள் பெயரை எடுத்தாயிற்று. உங்களைக் கேட்காமல் செய்தேன். கோபம் வரும், வரட்டும். குழந்தைகள் டாக்டரிடமும் போகிறோம். கொஞ்ச காலம் பிடிக்கும் என்கிறார்.

ஆனால் அகராதியைத் தூக்கிப் பரணில் போட்டும் ஒன்றும் மாறவில்லை. பெயரை எடுத்துவிட்டேன் என்று சொன்னபோது அவள் அழவில்லை. "அப்போ அப்பா வரவே மாட்டாராம்மா?" என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். பிறகுதான் சொன்னாள். கோப்பையோடு நீ துறைமுகத்தில் நின்றால்தான் கப்பலை விட்டு இறங்குவேன் என்றீர்களாம். நீங்கள் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியும். அவளுக்கு யார் சொல்வது? நான் சொன்னால், "நீ சும்மா சொல்ற" என்கிறாள். நேற்றிலிருந்து வலது கண்ணுக்கும் கை போகிறது. பிடித்து வைத்துக்கொள்கிறேன். நான் கடைக்குப் போய்விட்டால் யார் பிடிப்பது?

ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு வாருங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால், அடுத்த முறை போன் செய்யும்போது சாம்பியன் என்று கூப்பிடாதீர்கள். நாம் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரமாகச் சேர்க்கட்டும்.

உங்கள் வரவை நம்பியிருக்கும்,
உங்கள் மனைவி