ராணி வலது காலைக் கொடுத்தாள்

அன்பு பீட்டர் அண்ணா,

இன்று காலை பத்தேகாலுக்கு ராணி வலது பின்னங்காலைத் தூக்கிக் கொடுத்தாள். லாடம் அடித்தாயிற்று. ஆணி இறுகியதை உறுதிசெய்தவர் லாடக்காரர் பாஷா. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் உனக்குச் சொல்லத் தோன்றியது.

நீ கண்ணை மூடியபின் அவள் பின்னங்கால்களை யாரையும் தொட விடவில்லை. பாஷாவை இரண்டு முறை உதைக்கப் பார்த்தாள். லாடம் தேய்ந்து, குளம்பில் கீறல் விழுந்துவிட்டது. குதிரையேற்றப் பள்ளி முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு காலுக்கும் லாடம் கட்ட முடியலேன்னா ஓசூர் பக்கம் பண்ணைக்கு அனுப்பிடுவேன் சார்" என்றார். பதினோரு வருஷம் நீ பழக்கிய குதிரை. அங்கே அவளிடம் யார் பேசுவார்கள்?

நான் ஒரு தப்பு செய்தேன். லாடம் கட்டும்போதெல்லாம் நீ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுக்கும் அந்த மாதா கோயில் பாட்டை, எப்போதோ விளையாட்டாகப் போனில் பதிந்து வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அதை அவள் காதருகே போட்டேன். அவள் அடங்கவில்லை. காதை நிமிர்த்தி, கயிற்றை இழுத்துக்கொண்டு, நீ சைக்கிளில் வரும் கேட்டையே பார்த்தாள். சட்டென்று நிறுத்திவிட்டேன். மர்பி டவுன் வீட்டுக்கு வந்தும் அந்தப் பார்வை போகவில்லை.

இன்று அதைச் சொன்னபோது பாஷா கேட்டார்: "என்னா சாப், போன் வந்து அவ மேல சாஞ்சு நிக்குமா? அண்ணா இவ விலாவுல தோள வெச்சு அழுத்திக்கினுதான் பாடுவாரு. வாங்க, நீங்க சாயுங்க."

"எனக்குச் சுருதியே சேராது பாய். சர்ச் பாட்டுக் குழுவுலருந்து எங்கண்ணனே என்னைத் துரத்தினாரு."

"பரவால்ல சாப். இவ என்ன உங்க சர்ச் ஃபாதரா, தப்பு கண்டுபிடிக்க?"

சாய்ந்தேன். பாடினேன், அதைப் பாட்டு என்று சொல்லலாம் என்றால். முதலில் அவள் தோல் சிலிர்த்தது. மூன்றாவது முறை ராகம் இழுக்கும்போது நீண்ட மூச்சு விட்டாள். என் தோளும் கூடவே இறங்கியது. பாஷா குனிந்து குளம்பைத் தொட்டார். கொடுத்துவிட்டாள்! அவர் ஆணி அடிக்க அடிக்க நான் நிறுத்தாமல் பாடினேன். முடிந்ததும் இரண்டு பேரும் அசடு மாதிரி சிரித்தோம்.

பாட்டுதான் காரணமா, தோளின் கனமா, பாஷாவின் பொறுமையா? என்னிடம் ஆதாரம் இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் நான் ஒருநாளும் கேட்கவில்லை?

இடது பின்னங்கால் பாக்கி. "இன்னிக்கு இது போதும், அவளும் களைச்சிட்டா" என்று பாஷா பையைக் கட்டிவிட்டார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறார். அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக முதலாளி ஒத்துக்கொண்டார். ஏழரைக்கே அங்கே இருப்பேன் அண்ணா. அவள் காலைக் கீழே வைக்கும்வரை பாட்டை நிறுத்த மாட்டேன்.

நீ பாட்டுக் குழுவிலிருந்து துரத்திய தம்பி,
சேவியர்