பந்தல் துணிக் கூடாரம்

10-4-1988, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரி மாரியாத்தாள் கண்ணை மூடியதிலிருந்து ரெண்டு வருஷமாக அவள் அக்கா வெள்ளத்தாய் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றேன். மதினி மறுக்கவில்லை. "சின்னவன் ஒங்ககிட்ட ஒட்ட மாட்டேங்கானே. மொதல்ல நாலு நாள் வச்சிருந்து பாருங்க" என்றாள்.

சமுத்திரத்துக்கு ஆறு வயது. என்னைக் கண்டால் அவள் சேலைக்குப் பின்னால் ஒளிகிறான். மாதத்துக்கு ஒருதரம் பிஸ்கட்டோடு போய் நின்றால் வேறென்ன செய்வான்? எனக்கு நல்லா வேணும்.

17-4

மில்லில் எங்கள் ஷிப்ட் ஆட்கள் மே மாதம் குடும்பத்தோடு மலையடிவார மாந்தோப்பில் மூன்று நாள் தங்குவார்கள். இந்த வருஷம் பிள்ளைகளோடு நானும் போகிறேன். "சின்னதுகள ஓடைப் பக்கம் விடாம உக்காத்தி வைக்க ஏதாவது வேணும்லே" என்றான் கூட வேலை பார்க்கும் மலைச்சாமி. தம்பி பாடப் புத்தகத்துக் கூடாரத்தையே திரும்பத் திரும்ப வரைகிறான் என்று மூத்தவள் பொன்னுத்தாய் சொல்லியிருந்தாள். கூடாரமே வாங்கிவிடலாம்.

24-4

மதுரை போனேன். பிள்ளைகள் கூடாரம் ஒரே கடையில்தான் இருந்தது. பிளாஸ்டிக். வெயிலில் விரித்துக் கையை உள்ளே விட்டால் காந்துகிறது. பிள்ளைகள் வெந்துபோகும். சாரணர் காக்கிக் கூடாரத்தைத் தூக்கவே ரெண்டு ஆள் வேண்டும். லாரித் தார்ப்பாய் ஒரே இருட்டு. வெறுங்கையோடு வந்தேன்.

28-4

பந்தல் காண்டிராக்டர் ராஜரத்தினம் பழைய சாமியானாத் துணி கொடுத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், ஓரத்தில் குஞ்சம். "காத்து வரும், நெழலும் இருக்கும் அண்ணாச்சி. பிள்ளைகளுக்குக் கலர் கலரா இருந்தாத்தான பிடிக்கும்."

டெய்லரிடம் கூடாரமாகத் தைத்து ரெண்டு ஜன்னல் வைக்கச் சொன்னேன். மூங்கில் நானே சீவினேன். சீவும்போது விசில் அடித்தேனாம். பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள்.

14-5, சனி

தோப்பில் கூடாரம் போட்டேன். மற்ற பிள்ளைகள் விழுந்தடித்து உள்ளே ஓடின. பொன்னுத்தாய் உள்ளே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சமுத்திரம் மட்டும் தள்ளியே நின்றான். வெட்கம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் குஞ்சத்தைக் கண்டதும் அலறினான். டவுசரிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான்.

"அம்மாவ இதுக்குள்ளதான படுக்க வச்சிருந்தீய."

அன்றைக்கு வாசலில் போட்டிருந்த பந்தல் — இதே சிவப்பு, இதே மஞ்சள். நான் எதப் பாத்தேன்? தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலு வயசுப் பிள்ளை மேலயே பாத்துக்கிட்டு இருந்திருக்கான். பாவி, அத நான் தேடிப் பிடிச்சு, ஜன்னல் வச்சுத் தச்சு —

மற்ற பிள்ளைகள் வெளியே வந்துவிட்டன. பொன்னுத்தாய் மட்டும் அப்படியே இருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் தெரியுமா?"

"போடும்போதே தெரிஞ்சிட்டு."

"பொறவு ஏன் உள்ள போன?"

"நீ ஆசையாத் தச்சிருக்கியேன்னு."

ஒன்பது வயது.

15-5

பிள்ளைகளை மதினி வீட்டில் விட்டாச்சு. பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை.

18-5

ராஜரத்தினத்திடம் கேட்டேன். "ஒங்க வீட்டுக்கு நான்தான் போட்டேன் அண்ணாச்சி. அதே துணியான்னு சத்தியமா தெரியாது. கல்யாணத்துக்கும் அதுதான், துட்டிக்கும் அதுதான்." அவரைக் குறை சொல்லி என்ன?

6-6, திங்கள்

சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே படிக்கிறான். அவன் விஷயத்தில் பேச்சே இல்லை. பொன்னுத்தாய் மட்டும் துணிப்பையோடு தயாராக நின்றாள்.

"நான் வாரேம்ப்பா. எனக்கு அங்க இருக்கத்தான் இஷ்டம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும், கூடாரத்துக்குள் பார்த்தது. மனசு கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போ என்றது. வீட்டில் ஒரு குரல் கேட்டு எத்தனை நாளாச்சு.

"வேண்டாம்டி. பெரியம்மாட்டயே இரு. நான் ஞாயித்துக்கிழம தவறாம வாரேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பையைக் கீழே வைத்தாள். அழ ஆரம்பித்தாள். மதினி அணைத்துப் பிடித்தும் நிற்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன்.

அவள் அம்மா போன அன்றைக்கு இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.