அந்தோனவ்கா மரத்தை வெட்டுவதா?

வார்வாரா,

இன்று பக்கத்து வீட்டு அர்கீப் ரம்பத்தோடு வருவார். நீ சொன்னபடி ஆப்பிள் மரத்தை வெட்ட நான்தான் வரச் சொன்னேன். இப்போது குழப்பமாக இருக்கிறது.

நாம் நட்ட இனிப்பு ஆப்பிள் ஒட்டுக்கன்று பனியில் கருகிவிட, அடிவேரிலிருந்து துளிர்த்தது இந்தப் புளிப்பு ஆப்பிள் அந்தோனவ்கா. முதல் பழத்தைக் கடித்ததும் “இனிப்புன்னு சொல்லி ஏமாத்திட்டீங்க, பல்லு கூசுது” என்றாய். அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் போன மாதம் வைக்கோலில் வைத்த பழங்கள் மஞ்சளாகி வீடெல்லாம் மணக்கிறது. காலையில் ஒன்று தின்றேன். புளிப்பு பாதிகூட இல்லை.

அர்கீபிடம் என்ன சொல்வதென்று நீயே முடிவு செய். முட்டைக்கோஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. நான் காளான் பறிக்கப் போகிறேன்.

ரொதியோன்

பி.கு.: சாவிக்காக உன் சமையல் அங்கிப் பையில் கைவிட்டேன். தின்று மிஞ்சிய ஆப்பிள் காம்பும் விதையுமாக இருந்தது. அப்புறம் நேற்றுகூட எதற்கு வெட்டச் சொன்னாய்?