சொல்லாமல் போகும் வீடு

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். செங்கோட்டை தாண்டி அடித்த காற்றில் என் மீசையில் பாதி கிழக்கே கடலுக்குப் போய்விட்டது. மீதி மீசையுடன் தென்காசி ஸ்டேஷனில் தாய்மாமச் சக்கரவர்த்தியாகிய நான். கையில் குடை. மருமகளுக்கு ஒரு முழம் மல்லிகை. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் பூ ஆகாது என்று அப்புறம்தான் உறைத்தது, பைக்குள் ஒளித்தேன்.

லீனா இறங்கினாள். அக்கா மகள். டென்மார்க்கில் பிறந்தவள், இந்த மண்ணில் முதல் மிதி. மார்போடு அணைத்திருந்த பையில் சாம்பலாக என் அக்கா. முப்பது வருடமாகப் போனில் "அடுத்த சாரலுக்கு வாரேம்லே" என்றவள். வந்துவிட்டாள்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "கல்யாணம் ஆயிட்டாம்மா? என்ன சம்பளம்?"

லீனா என் காதில், "இவர் நமக்கு என்ன வேணும் மாமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா கேக்குதாரு."

ஜூலை 4, வெள்ளி

துட்டி கேட்க ஒரு லட்சம் பேர். சரி, நாற்பது. பக்கத்து வீட்டுக் கோமதி மதினி லீனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்கம்மைய கடைசியா ஒருக்க பாக்கக் குடுத்து வைக்கலியே" என்று கதறல். லீனா மின்கம்பம் மாதிரி நின்றாள். அவள் ஊரில் சாவுக்குக் கை குலுக்குவார்களாம். காபி. மெல்லிய பேச்சு. அவ்வளவுதான்.

அழுதவர்கள் சட்டென்று எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் நடையைக் கட்டினார்கள். லீனா வாசல் வரை ஓடி, "தேங்க்ஸ், திரும்ப வாங்க!"

மதினி நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "ஏ ஆத்தா! துட்டி வீட்டுல வாங்கன்னு கூப்பிடுதாளே!"

"எல்லாரும் ஏன் மாமா கோவிச்சிட்டுப் போறாவ?" அச்சு அசல் அக்கா குரல்.

"கேளு பிள்ளே. துட்டி வீட்டுல யாரும் போயிட்டு வாரேன்னு சொல்லக்கூடாது. சொன்னா எமன் எருமைய நம்ம வாசல்லயே கட்டிப் போட்ருவான். திரும்பிப் பாக்காம நடக்கணும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரித் தலையாட்டினாள்.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலம். சிற்றாற்றில் அஸ்தி. லீனாவின் கை விரியவில்லை. "விடு பிள்ளே." விட்டாள். அக்கா ஒரு சுழி சுழித்துவிட்டுப் போனாள்.

பிறகு அருவி. எண்ணெய் பூசிய கூட்டத்தைப் பார்த்து, "ஏன் மாமா எல்லாரும் வறுத்த மாதிரி மினுங்குதாவ?" பெண்கள் பக்கம் போனவள் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவப்பு.

"தண்ணி ரொம்ப அடிச்சிது மாமா."

"ஆமா. அடிக்கும்."

அவளுக்காக மேல் அறைக்கு வெள்ளை அடித்து, புது ஃபேன் மாட்டி வைத்திருக்கிறேன். ஒற்றைக்கட்டைக்கு எதற்கு மாடி? அடுத்த சாரலுக்கும் வருவியா என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்டது: "பஜ்ஜி வேணுமா?"

ஜூலை 8, செவ்வாய்

வெயில். லீனா புறப்பாடு. கட்டிக் கொடுத்தவை: முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், அக்கா பள்ளிக்கூட யூனிஃபார்மில் நிற்கும் படம்.

கார் வந்தது. என் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். 'வாரேன்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குக் காது, மூக்கு, மிச்ச மீசை எல்லாம் காத்திருந்தன. வாயை மூடிக்கொண்டாள். திரும்பி, நேராக நடந்தாள். காருக்குள் இருந்தும் பார்க்கவில்லை.

கோமதி மதினி மதில் மேல் எட்டி, "பாத்தியளா, சொல்லாமலே போறா! நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கிய!"

"பின்னே, யாரு மருமக!" என்றேன், தெரு முழுக்கக் கேட்க.

மேல் அறையில் ஃபேனை அணைக்காமல் போயிருக்கிறாள். ஓடட்டும்.